அறுபத்தெட்டில் நிற்கும் முள்

காய்ந்துபோன சுருட்டை யாரும் குப்பையில் போட வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் அது திரும்பி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், இது புரிந்தால்தான் நான் சொல்லப்போகிற மற்றது புரியும்.

நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், சாப்பாட்டில் ஏதாவது கலந்தேனா என்று. இல்லை. மாத்திரையை நிறுத்தினேனா என்றும் கேட்டீர்கள். அதுவும் இல்லை. காலையில் மூன்று, ராத்திரி இரண்டு, ஒரு வேளைகூடத் தவறியதில்லை, காலி அட்டைகளைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். என் அண்ணன் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. இதயம் நின்றுபோனதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. யாரும் என் மேல் புகார் கொடுக்கவும் இல்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்களோடு எழுத உட்கார்ந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார், பரவாயில்லை, கொஞ்சம் கேளுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் உட்காரவைப்பது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. அவர் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். மீதி இரண்டு மாதம் பெண்டாட்டி பிள்ளையோடு வேறு ஊரில். என் முறைக்கு இரண்டு நாள் வருவார், பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போவார். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அண்ணி இறந்துபோன பிறகு அவர் என்னோடு வந்து இருந்தார். ஆறு வருஷம். அதற்கு முன்னால் அந்த வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் மேஜையில் எந்த இடத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போகிறேனோ, சாயங்காலம் அதே இடத்தில் அது இருக்கும். அவ்வளவுதான். அண்ணன் வந்த பிறகு டம்ளர் இடம் மாறியது. செய்தித்தாள் தரையில் கிடந்தது. குளியலறையில் சோப்பு குழைந்து கிடந்தது. நான் தினமும் கத்துவேன், "ஏண்ணா, ஒரு சாமானை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா உங்களுக்கு." அவர், "எடுத்த இடம் ஞாபகம் இருந்தா வைக்க மாட்டேனா பொடிசு" என்பார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு நான் கடைசி வரைக்கும் பொடிசுதான்.

போன வருஷக் கடைசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி பாதியில் நின்று, ஜன்னலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். இதய வால்வு சுருங்கி, கசியவும் ஆரம்பித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்குள் செய்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை என்றார். அண்ணன் மகள் அவள் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பேசி முடித்துவிட்டாள். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். அங்கேதான் இந்தச் சுருட்டுப் பெட்டி வருகிறது.

அவர் கடைசியாக வேலை பார்த்த கப்பலில் இருந்து இறங்கிய அன்று கேப்டன் கொடுத்த பெட்டி. இருபத்தேழு சுருட்டு. அண்ணிக்கு இழுப்பு இருந்ததால் வீட்டில் புகை கூடாது. அதனால் ஒன்றைக்கூடப் பற்றவைக்காமல் பரணில் போட்டுவிட்டார், என் வீட்டுக்கு வந்த பிறகும் பரணில்தான், மொத்தம் ஒன்பது வருஷம். ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாளுக்கும் புகை கூடாது என்று டாக்டர் சொன்னதும், பரணிலிருந்து அதை இறக்கச் சொன்னார். சுள்ளியாகக் காய்ந்திருந்தது. காதருகே வைத்து விரலால் லேசாக அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது.

"இதைச் சரி பண்ணி, ஒண்ணே ஒண்ணு, ஒழுங்காப் பிடிச்சுட்டு வரேன். அப்புறம் அறுங்க, தைங்க, என்ன வேணா பண்ணுங்க," என்று மகளிடம் போனில் சொன்னார். அவள் சண்டை போட்டாள். டாக்டர்கூட, பிடிக்காமல் இருந்தால் நல்லது என்றுதான் சொன்னார். அண்ணன் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். காய்ந்ததை அப்படியே பற்றவைத்தால் சூடாக எரியும், நாக்கு வெந்து கசக்கும், வைக்கோலைக் கொளுத்தியதுபோல இருக்கும். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார். டாக்டர் கொடுத்த மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும்.

முறை இதுதான். அவசரப்பட்டு ஈரத்தில் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இலை ஈரத்தைக் குடித்து உப்பும், மேலே சுற்றிய மெல்லிய இலை தாங்காமல் வெடித்துவிடும். அதனால் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். கேப்டன் கொடுத்ததே நன்றாக மூடுகிற மரப்பெட்டி, அடியில் தேவதாருப் பலகை. பழைய சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஸ்பாஞ்சை நனைத்து உள்ளே வைத்தார். நனைப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் என்றால் பூஞ்சை பிடித்துவிடும். ஈரத்தைக் காட்ட வட்டமாக ஒரு மீட்டர். முள் ஐம்பதில் இருந்தால் காய்ந்த காற்று. அறுபத்தெட்டில் நின்றால் பக்குவம். வாரத்துக்கு மூன்று, நான்கு என்று ஏற வேண்டும். தினமும் ஒவ்வொரு சுருட்டையும் கால் திருப்பு திருப்பி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவார், கப்பலில் எழுதிய பழக்கம்.

முதல் மூன்று வாரம் எல்லாம் சரியாகத்தான் போனது. ஐம்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தாறு. நானும் கூட உட்கார்ந்து சுருட்டுகளைத் திருப்பினேன். என் கை நுணுக்கமான கை என்று அவரே சொல்வார்.

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆபரேஷன் முடிஞ்சதும் உன்கூடவே இருந்துடறேன்மா. இனிமே இங்க திரும்பி வரப்போறதில்ல. பொடிசுகிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே, நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கறேன்." நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்து போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வரும்போது வெங்காயம் வாங்கி வந்தேன். வீட்டில் வெங்காயம் இருந்தது.

அன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை சார். பயம்தான். டம்ளர் ஞாபகம் வந்தது.

புதுப் பிரேம்கள் வருகிற அட்டைப்பெட்டிகளில் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்று கிடக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே மணி மணியாக உருண்டைகள். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போடுவது. தின்னக் கூடாது என்று மேலே அச்சடித்திருக்கும். கடையில் அதைப் பெருக்கித்தான் தள்ளுவோம். மறுநாள் நான் நான்கு பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் காலை ஒன்பதேகாலுக்குக் குளிக்கப் போவார், வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். தேவதாருப் பலகையைத் தூக்கி, அடியில் நான்கையும் பரப்பி, பலகையை மறுபடி வைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

முள் ஏறுவது நின்றது. பிறகு இறங்கியது. மூன்று நாளைக்கு ஒரு தரம் பொட்டலங்களை மாற்றினேன்.

ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடுகிறவர்கள் உண்டு. என் முதலாளியின் மைத்துனர் அப்படித்தான் போனார். எழுபது வயதில் நெஞ்சைப் பிளப்பது விளையாட்டா? கொஞ்ச நாள் தள்ளிப்போனால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் எழுந்து நடந்து போகிறார்கள் என்று டாக்டர் என்னிடமே சொல்லியிருந்தார். நான் அந்த நாலு பேரைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் பெட்டியோடு மல்லுக்கு நின்றார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. இயந்திரம் மக்கர் பண்ணினால் ஆளைச் சந்தேகப்படாதே, முதலில் கசிவைத் தேடு. கப்பலில் நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தாராம். அதனால் கசிவைத் தேடினார். மூடியின் விளிம்பில் மெழுகு தேய்த்தார். கீலைக் கழற்றி மாட்டினார். உள்பக்கம் சுற்றிலும் கம்பளித் துணி ஒட்டினார். மீட்டரே பொய் சொல்கிறதோ என்று, ஈர உப்போடு சேர்த்து ஒரு பையில் ஒரு நாள் கட்டி வைத்துச் சோதித்தார். அப்படி வைத்தால் முள் எழுபத்தைந்து காட்ட வேண்டும், காட்டியது. மீட்டர் உண்மைதான் சொன்னது. "பொடிசு, எனக்கும் வால்வு லீக்கு, இதுக்கும் எங்கேயோ லீக்கு. நல்ல ஜோடிதான் போ," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் நான்தான் இருக்கிறேன், வேறு யாரும் இல்லை. ஒரு தடவைகூட அவர் என்னை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

அதற்குள் கால் வீங்க ஆரம்பித்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், மெதுவாகத்தான் நிரம்பும். நான் தினமும் அழுத்திப் பார்ப்பேன். அண்ணன் மகள் போன் பண்ணினாள். "அத்தை, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. அந்தச் சனியன் சுருட்டைத் தூக்கிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க அத்தை." நான், "சொல்றேம்மா, சொல்லாம இருப்பேனா," என்றேன். அவள் சொன்னது உண்மை. நான் சொன்னால் கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை.

ஒன்பதாவது வாரம் ஒரு காலையில், பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் அதைத் தூக்கிவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். "பொடிசு, இங்க வா," என்று கூப்பிட்டார். கையில் என் பொட்டலங்கள் நான்கும் இருந்தன. இதோடு முடிந்தது என்று நினைத்தேன், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"பாரு, பெட்டி செஞ்சவன் அடியில போட்டு வச்சிருக்கான். ஒன்பது வருஷமா இதுதான் உறிஞ்சியிருக்கு. நான் ஒரு முட்டாள், முதல் நாளே பார்த்திருக்கணும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? கண்டுபிடிச்சாச்சு, சந்தோஷப்படு," என்றார்.

சந்தோஷப்படுகிறேன் என்றேன். பொட்டலங்களை அவரே குப்பையில் போட்டார். அடுத்தடுத்த வாரங்களில் முள் மளமளவென்று ஏறியது. ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, அறுபத்து நான்கு. மகளுக்குப் போன் போட்டு, இன்னும் பத்து நாளில் வருகிறேன், தேதி வாங்கிவிடு என்றார். தேதியும் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே சட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் தடவை நான் செய்ததைப் புத்தி தடுமாறிச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு அப்படி எழுத முடியாது. அன்றைக்கு அவர் குளிக்கப் போனதும், அவர் ஒட்டிய கம்பளித் துணியை ஓரத்தில் பிரித்து, உள்ளே ஆறு பொட்டலத்தைத் தட்டையாகச் செருகி, பிரேம் ஒட்டுகிற பசையால் மறுபடி ஒட்டினேன். பிரித்து ஒட்டியதுகூடத் தெரியாத அளவுக்கு நன்றாக வந்தது.

மூன்றே நாளில் அறுபத்து நான்கு ஐம்பத்தொன்று ஆனது. ஏறி உடனே இறங்கியதில் மூன்று சுருட்டு நீளவாக்கில் வெடித்துவிட்டது. அண்ணன் அந்த மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

"எத்தனை பெரிய இன்ஜினைப் பார்த்தவன் நான். ஒரு மரப்பெட்டியைச் சரி பண்ண வக்கில்ல. கை போயிடுச்சு பொடிசு. மூளையும் போயிடுச்சு போல."

"என்னண்ணா இப்படிப் பேசறீங்க. பொறுமையாப் பண்ணலாம். யாரு உங்களை விரட்டறாங்க," என்றேன். அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவர் குழந்தைபோல விசும்பி அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை சார். தேதியை ரத்து செய்யச் சொல்லி மகளுக்கு நான்தான் போன் செய்தேன்.

அப்போதே மூன்று மாதம் தாண்டிவிட்டது. அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை, நாற்காலியிலேயே சாய்ந்திருப்பார். நான் வேலைக்கு லீவு போட்டேன். தலையணை வைத்தேன், காலை முக்காலியில் தூக்கி வைத்தேன், கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். என்னைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"பொடிசு, காஞ்சதாவே இருக்கட்டும். ஒண்ணு பத்த வச்சுடு. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். எனக்கு முடியல."

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். தீப்பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் தொட்டால் பின்வாங்குவார் என்று தெரியும். "இத்தனை மாசம் காத்திருந்துட்டு, கடைசியில வைக்கோலையா பிடிக்கப் போறீங்க? கேப்டன் பார்த்தா என்ன நினைப்பாரு? இன்னும் ஒரு வாரம் பாருங்கண்ணா, முள் ஏறுது," என்றேன். முள் ஏறவில்லை. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "அதுவும் சரிதான். அரைகுறையா எதுக்கு," என்றார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இறந்துபோனார். பெட்டி மடியில் இருந்தது. சுருட்டுகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார், பாதி திருப்பியிருந்தது. மீதியை நான் திருப்பி வைத்தேன்.

எல்லாரும் வந்து போனார்கள். அண்ணன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லன்னா அப்பா இவ்வளவு நாளே இருந்திருக்க மாட்டாரு அத்தை," என்றாள். ஆளில்லாத வீட்டில் ஒரு நாள் கம்பளித் துணியைப் பிரித்துப் பொட்டலங்களை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கெட்டுப்போவது எதற்கு என்று தோன்றியது. ஸ்பாஞ்சை நனைத்து வைத்தேன். தினமும் எட்டு மணிக்கு அவர் நோட்டில் எழுதினேன். அவர் போட்டு வைத்த மெழுகும் கம்பளியும் அவ்வளவு நன்றாக வேலை செய்தன, காற்று துளிகூட வெளியே போகவில்லை. நேற்றுக் காலை முள் அறுபத்தெட்டில் வந்து நின்றது. பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். சத்தம் வராது.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் மகள் போன் பண்ணினாள்.

"அத்தை, எப்ப கிளம்பறீங்க? அறை அப்படியே இருக்கு."

"எந்த அறைம்மா?"

"அப்பா சொல்லவே இல்லையா? உங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டு வச்சேன். ரெண்டு கட்டில், ஜன்னல் பக்கம் உங்களுக்கு. உங்க கை சும்மா இருக்காதுன்னு தையல் மேஜைகூட வாங்கிட்டேன். நீங்க வீட்டை விட்டு வர மாட்டேன்னு அடம் பிடிப்பீங்க, அதனால அந்தச் சுருட்டைப் பத்த வச்சுட்டு, நல்ல மூடுல இருக்கறப்போ நானே சொல்லிச் சம்மதிக்க வைக்கறேன்னு சொன்னாரே. உங்களை விட்டுட்டு வரவே மாட்டேன்னுட்டாரு அத்தை."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலையில் மேஜையில் டம்ளரை வைத்துவிட்டு இங்கே வந்தேன்.

இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு என்று உங்களுக்கே தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. வீட்டுக்குப் போங்கம்மா என்று சொல்லப்போகிறீர்கள். போகிறேன். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள், என் அண்ணனை நான்தான் கொன்றேன். அதை நான் மறுக்கவில்லை. ஒன்று மட்டும்தான். அந்த நாலாவது வாரமே, போனை வைத்த கையோடு, பொடிசு நீயும் என்கூட வர்றே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அவர் செய்த ஒரே தப்பு அது. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.